மேஸ்திரியிடம் கேளுங்கள்: ஒழுகிய கூரை

(தருமபுரியில் நாற்பது ஆண்டுகள் கட்டட மேஸ்திரியாக வேலை பார்த்து, முழங்கால் ஏணிக்கு ஒத்துழைக்காததால் இப்போது வீட்டில் இருப்பவர் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: 2024 டிசம்பர் மழையில் எங்கள் கூடத்துக் கூரையில் வட்டமாக ஒரு கறை வந்தது. கொத்தனார் ஒருவர் பட்டி பார்த்து வெள்ளை அடித்துக் கொடுத்தார். போன மாதம் அதே இடத்தில் காரை பெயர்ந்து சாப்பாட்டு மேசை மேல் விழுந்தது. உள்ளே துருப்பிடித்த கம்பி தெரிகிறது. மின்விசிறிக்கும் அதற்கும் இரண்டு அடிதான் தூரம். வீடு கட்டி 26 ஆண்டுகள் ஆகின்றன. தளத்தையே இடித்துவிட்டு வேறு போட வேண்டும் என்கிறார் ஒருவர். பூசினால் போதும் என்கிறார் இன்னொருவர். யாரை நம்புவது?
— ஓய்வுபெற்ற ஆசிரியை, ஊத்தங்கரை

பதில்: டீச்சர், முதலில் சாப்பாட்டு மேசையை அந்தக் கூடத்திலிருந்து வெளியே எடுத்துவிடுங்கள். பதிலை அப்புறம் படிக்கலாம். மின்விசிறியைப் போடாதீர்கள். ஓர் எலக்ட்ரீஷியனை அழைத்துக் கழற்றிக் கீழே வைக்கச் சொல்லுங்கள். விசிறி தொங்குகிற கொக்கியும் அந்தத் தளத்துக் கம்பியைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. பக்கத்துக் கம்பி துருப்பிடித்திருக்கும்போது கொக்கி மட்டும் புதிதாக இருக்கும் என்று நம்ப எனக்குத் துணிச்சல் இல்லை.

அந்த மழையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஃபெஞ்சல் புயல் கரையேறி ஓய்ந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்திருந்தபோது, உங்கள் ஊரில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. 600 சதுர அடி மொட்டைமாடி என்று வைத்துக்கொண்டால், அன்று உங்கள் தலைக்கு மேல் விழுந்தது ஏறத்தாழ 28,000 லிட்டர். இரண்டு டேங்கர் லாரிக்கும் மேல். ஆனால், கம்பி துருப்பிடித்ததற்கு அந்த ஒரு நாளைக் குற்றம் சொல்ல முடியாது. துரு பல வருடமாக உள்ளே வேலை பார்த்திருக்கிறது. மழை அதைக் காட்டிக் கொடுத்தது, அவ்வளவுதான்.

தளம் போடும்போது கம்பிக்குக் கீழே முக்கால் அங்குலமாவது, அதாவது 20 மில்லிமீட்டர், கான்கிரீட் இருக்க வேண்டும். அதற்காகத்தான் கம்பிக்கு அடியில் சிறிய சிமென்ட் வில்லைகளை வைத்துத் தூக்கிக் கட்டுவது. அந்தக் காலத்தில் பல இடங்களில் வில்லைக்குப் பதில் கையில் கிடைத்த ஜல்லித் துண்டைச் செருகுவோம். சட்டியோடு நடக்கிற சித்தாள் கம்பியை மிதித்ததும் ஜல்லி நழுவிவிடும், கம்பி சென்ட்ரிங் பலகையோடு ஒட்டிக்கொள்ளும். நானும் அப்படிப் போட்டிருக்கிறேன், மறைக்க ஒன்றுமில்லை. அப்படிப்பட்ட கம்பிக்கு ஈரம் எளிதில் எட்டும். இரும்பு துருவாகும்போது முன்பு இருந்ததைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலாக உப்பும். உப்பிய கம்பிக்கு இடம் வேண்டும். அது கீழே உள்ள கான்கிரீட்டை நெட்டித் தள்ளுகிறது. உங்கள் மேசை மேல் விழுந்தது அதுதான். மேலே பட்டி பார்த்தவர் வெடித்துக்கொண்டிருந்த இடத்துக்குப் பவுடர் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

இடிப்பதா, பூசுவதா என்பதை உங்கள் கூரையே சொல்லும். அரை கிலோ சுத்தியல் ஒன்றை எடுத்து, தலைக்கவசம் போட்ட ஓர் ஆளை ஏணியில் ஏற்றி, கூடம் முழுக்க முழத்துக்கு ஒரு தட்டு தட்டச் சொல்லுங்கள். நல்ல தளம் 'டங்' என்று கல்லைப்போல் பேசும். உள்ளே விட்டுப்போன இடம் பொக்கையாக, பழுத்த பலாப்பழத்தைத் தட்டியதுபோல் ஒலிக்கும். பொக்கையான இடத்தையெல்லாம் சாக்குக்கட்டியால் வட்டமிடுங்கள். வட்டம் ஒரு மூலையில் அடங்கிவிட்டால் பழுது பார்க்கலாம். கூரையில் பாதி வட்டமாகிவிட்டால், அல்லது சுவருக்குச் சுவர் நூல் பிடித்துப் பார்க்கும்போது தளம் நடுவில் தொய்ந்திருந்தால், அப்போது மேஸ்திரி, கொத்தனார் பேச்சு வேண்டாம். கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை நேரில் அழைத்துக் காட்டுங்கள். அவருக்குக் கொடுக்கிற பணம் இடிக்கிற கூலியில் ஒரு சிறு பங்குதான்.

பழுது பார்ப்பது என்று முடிவானால், கீழே கை வைக்கும் முன் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். இதில் நான் பட்ட அவமானத்தைச் சொல்கிறேன். குமாரசாமிப்பேட்டையில் என் தங்கை வீடு. கூடத்தின் நடுவில், விசிறிக்குப் பக்கத்தில் சொட்டியது. நான் மாடிக்குப் போய், அடி வைத்து அளந்து, அந்த இடத்துக்கு நேர் மேலே தட்டோட்டை, அதாவது மாடியில் பதிக்கிற தட்டையான ஓடுகளை, பெயர்த்து, புதுக்கலவை போட்டு மூடினேன். அடுத்த மழையிலும் சொட்டியது. மறுபடியும் பெயர்த்தேன். மச்சான் வாயைத் திறக்கவில்லை. அதுவே பெரிய தண்டனை. மூன்றாவது மழையில் குடையோடு மாடியில் நின்று பார்த்தேன். பன்னிரண்டு அடி தள்ளி, கைப்பிடிச் சுவர் ஓரமாக, டிஷ் ஆன்டெனாவை முடுக்கிய நான்கு போல்ட்டு ஓட்டைகள். அதில் ஒன்று தளத்துக்குள் புதைத்திருந்த மின்சாரக் குழாயைத் துளைத்திருந்தது. தண்ணீர் அந்தக் குழாய்க்குள் இறங்கி, ஒயரோடு ஒயராகப் பயணம் செய்து, விசிறிப் பெட்டியில் வந்து சொட்டிக்கொண்டிருந்தது. நான் இரண்டு தரம் உடைத்தது ஒரு குற்றமும் செய்யாத தளத்தை. மின்சாரம் ஓடுகிற குழாயில் தண்ணீர் என்பதை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

ஆகவே, மழைத்தண்ணீர் இறங்கும் தூம்பு வாய், கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் மூலை, தொட்டியின் அடி, குழாய் தளத்தைத் துளைத்து இறங்கும் இடம், ஆன்டெனா கால் ஆகியவற்றை முதலில் பாருங்கள். தூம்பை அடைத்து மாடியில் தண்ணீர் நிறுத்திப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால், உங்கள் வீட்டில் வேண்டாம். 600 சதுர அடியில் இரண்டு அங்குலம் நிறுத்தினால் கிட்டத்தட்ட 2,800 கிலோ. அடிபட்ட தளத்தின் மேல் அந்தச் சுமையை ஏற்றிச் சோதிக்கக் கூடாது. தோட்டத்துக் குழாயால் ஒவ்வோர் இடமாக நனைத்து, இடத்துக்கு ஒரு மணி நேரம் காத்திருந்து பாருங்கள். பொறுமை வேண்டும். உங்களுக்கு இருக்கும், பள்ளிக்கூடத்தில் இருந்தவர்.

மேலே அடைத்த பிறகு, கீழே முட்டுக் கொடுத்துவிட்டு உளியை எடுக்கட்டும். தொங்குவதை மட்டும் தட்டிவிட்டுப் பூசுவதுதான் வழக்கமாக நடக்கும் ஏமாற்று. கம்பிக்குப் பின்னால் ஒரு விரல் நுழையும் அளவுக்கு வெட்ட வேண்டும். துருவில்லாத கம்பி கண்ணில் படும் வரை இரண்டு பக்கமும் நீளம் வெட்ட வேண்டும். கம்பித் தூரிகையால் தேய்த்தால் கம்பி வெள்ளி போல் தெரிய வேண்டும். தேய்த்த பிறகு கம்பியின் தடிமனை அளக்கச் சொல்லுங்கள். 8 மில்லிமீட்டர் கம்பி 7-க்கும் கீழே போயிருந்தால் பக்கத்தில் புதுக்கம்பி சேர்த்துக் கட்ட வேண்டும். எவ்வளவு நீளம் என்பதைப் பொறியாளர் சொல்லட்டும். பிறகு துருத் தடுப்புப் பூச்சு, பழையதும் புதியதும் ஒட்டுவதற்கான பால், அதன் மேல் பாலிமர் கலந்த கலவை. ஒரே அப்பாக அப்பினால் சொந்தக் கனத்தில் விழுந்துவிடும். அரை அங்குலம், அரை அங்குலமாக ஏற்ற வேண்டும். சாதாரண மணல் சிமென்ட்டைத் தலைகீழாக அப்பிவிட்டுப் போகிறவரை அடுத்த மழைக்குப் பிறகு நீங்கள் தேட வேண்டியிருக்கும்.

கேள்வி: எங்கள் சமையலறைக்கு நேர் மேலே மாடி வீட்டுக் குளியலறை. கூரை மூலையில் சொட்டுகிறது. மாடியில் இருப்பவர்கள், "எங்கள் குழாயெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது" என்கிறார்கள். வீட்டுக்காரர் சேலத்தில் இருக்கிறார். மழைத்தண்ணீராக இருக்கும் என்று சொல்லிக் கழித்துவிடுகிறார்.
— வாடகை வீட்டுக் குடும்பத் தலைவி, தருமபுரி

பதில்: சண்டையை ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள், அம்மா. தினசரி காலண்டர் தாளைக் கிழித்த பிறகு எறியாமல் வைத்துக்கொண்டு, எப்போது சொட்டுகிறது என்று அதன் பின்புறம் எழுதுங்கள். இரவு பகல் என்றில்லாமல் ஒரே சீராகச் சொட்டினால் அது தண்ணீர் வருகிற குழாய். அதில் எப்போதும் அழுத்தம் இருக்கும். காலையில் அவர்கள் குளித்து அரை மணி நேரத்தில் சொட்ட ஆரம்பித்து மத்தியானம் ஓய்ந்தால் அது கழிவுநீர் போகிற வழி. ஒகேனக்கல் தண்ணீர் விடுகிற அன்று மட்டும் சொட்டினால் குளியலறைக்குச் சம்பந்தமே இல்லை. தொட்டி நிரம்பி வழிகிறது, இல்லையென்றால் தொட்டிக்கு ஏறுகிற குழாய் விட்டிருக்கிறது. நம் ஊரில் தண்ணீர் முறை வைத்து வருவதால் கிடைக்கிற ஒரே நன்மை, கசிவைப் பிடிக்க இது நல்ல துப்பு.

கழிவுநீர் என்று சந்தேகம் வந்தால், துணிக்குப் போடுகிற சொட்டு நீலம் ஒரு பாட்டில் வாங்கி, மாடி வீட்டம்மாவிடம் நல்லபடியாகப் பேசி, குளியலறை ஜாலியில் பாதியை ஊற்றி இரண்டு வாளி தண்ணீர் விடச் சொல்லுங்கள். உங்கள் சமையலறையில் நீலமாகச் சொட்டினால் வழக்கு முடிந்தது. செல்போனில் படம் எடுத்துச் சேலத்துக்கு அனுப்புங்கள். நீலம் வராவிட்டால் வழக்கு தள்ளுபடி என்று அர்த்தமில்லை. சாயத்தை நடுவில் இருக்கிற செங்கல் தூளும் மண்ணும் பிடித்துக்கொள்வது உண்டு.

பெரும்பாலும் ஜாலிக்கு அடியில் இருக்கிற 'டிராப்' என்கிற வளைந்த கழிவுநீர்க் குழாயின் மூட்டுத்தான் விட்டிருக்கும். குளியலறைத் தளத்தை ஓர் அடி இறக்கிப் போட்டு, அந்தப் பள்ளத்தில் உடைந்த செங்கல்லைக் கொட்டி, மேலே டைல்ஸ் ஒட்டுவது வழக்கம். அந்தச் செங்கல் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். மூட்டைச் சரி செய்த பிறகும் பத்துப் பதினைந்து நாள் உங்கள் மூலை சொட்டிக்கொண்டுதான் இருக்கும். அந்த நாட்களில் மாடிப்படி ஏறிப் போய்ச் சத்தம் போட வேண்டாம். சொட்டு நின்ற பிறகு ஒரு பாலிதீன் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டிக் கூரையில் ஒருநாள் விடுங்கள். உள்பக்கம் வியர்க்காமல் இருந்தால்தான் வெள்ளை அடிக்கலாம்.

கேள்வி: கடையின் மேல்மாடித் தொட்டிக் குழாய் உடைந்து, ஜிப்சம் பலகையால் போட்ட பொய்க்கூரை ஓரிடத்தில் வயிறுபோல் தொங்குகிறது. முழுவதையும் மாற்ற வேண்டுமா?
— துணிக்கடைக்காரர், பழையபேட்டை, கிருஷ்ணகிரி

பதில்: வயிறு என்று சரியாகச் சொன்னீர்கள், அதில் தண்ணீர் இருக்கிறது. மெயின் சுவிட்சை அணைத்து, துணிக் கட்டுகளை நகர்த்தி, கீழே அண்டா வைத்து, பக்கவாட்டில் நின்றுகொண்டு நீளமான ஸ்குரூ டிரைவரால் தொங்கலின் நடுவில் ஓர் ஓட்டை போடுங்கள். தானாகக் கிழிந்து கொட்டுவதைவிட நாமாக இறக்குவது நல்லது.

தொங்கிய பலகை காய்ந்தாலும் பழைய பலம் திரும்பாது. அதை அடுத்த சட்டம் வரை சதுரமாக வெட்டி எடுத்துப் புதிதாக மாட்டுங்கள். சமமாகவே இருந்து கறை மட்டும் பட்ட பலகைகளை வைத்துக்கொள்ளலாம். ஆனால், வெட்டிய இடத்தின் வழியாகக் கையை விட்டு மேல்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். வழவழப்பாகக் கருப்புப் பூசணம் இருந்தால் அதுவும் போகட்டும். கறை மேல் நேரடியாகத் தண்ணீர்ப் பெயின்ட் அடித்தால் பழுப்பு நிறம் கரைந்து மேலே வந்துவிடும். எண்ணெய் பிரைமர் ஒரு கை அடித்துவிட்டு அப்புறம் அடியுங்கள். குழாயைச் சரி செய்துவிட்டீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

கேள்வி: கைப்பிடிச் சுவர் மூலையில் அரசங்கன்று முளைத்திருக்கிறது. வெட்டினால் பாவம் என்கிறார் என் மாமியார்.
— அரூர் வாசகி

பதில்: மாமியார் சொல்வதைக் கேளுங்கள், வெட்டாதீர்கள். வெட்டினால் வேர் உள்ளேயே தங்கி மறுபடியும் தழைக்கும். பூச்சை உடைத்து வேரோடு பத்திரமாக எடுத்து ஏரிக்கரையில் நட்டுவிடுங்கள். அடுத்த வாரமே செய்யுங்கள். இலை நான்கு என்றால் வேர் ஒரு முழம் இருக்கும்.

கேள்வி: மொட்டைமாடியில் ரப்பர் போன்ற வெள்ளைப் பூச்சு அடித்தால் பத்து ஆண்டுக்கு ஒழுகாது என்று உத்தரவாதம் தருகிறார்கள். அடிக்கலாமா?
— மாந்தோப்பு வைத்திருப்பவர், காவேரிப்பட்டணம்

பதில்: அடிக்கலாம். அதற்கு முன் ஒரு குடம் தண்ணீரை மாடியின் உயரமான பக்கத்தில் ஊற்றி, அது எங்கே போகிறது என்று பாருங்கள். தூம்பை நோக்கிப் போகாமல் நடுவில் குளம் கட்டினால், உங்களுக்கு வேண்டியது பூச்சு இல்லை, வாட்டம். பத்து அடிக்கு ஓர் அங்குலமாவது சரிவு இருக்க வேண்டும். குளத்தின் மேல் பூச்சு அடித்தால் பூச்சு ஊறி, உப்பி, தோல் உரிந்து வரும்.

வாட்டம் சரி, தளத்தில் வெடிப்பை அடைத்தாகிவிட்டது, பாசியைத் தேய்த்துக் கழுவிக் காயவிட்டாகிவிட்டது என்றால் அடியுங்கள், வெயிலுக்கும் நல்லது. உத்தரவாதக் காகிதத்தின் கடைசிப் பத்தியை மட்டும் மருமகனை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். தளம் வெடித்தால் பொறுப்பில்லை என்று அங்கேதான் எழுதியிருக்கும். இன்னொன்று: பூச்சு அடித்த மாடியில் கயிற்றுக் கட்டிலை இழுப்பதும், மாங்காய்ப் பத்தை உலர்த்திவிட்டுக் கரண்டியால் சுரண்டுவதும் கூடாது. உங்கள் வீட்டில் இது நடக்குமா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

கேள்வி: எங்கள் தாத்தா கட்டிய மெத்தை வீடு. தேக்குக் கட்டைகள் மேல் செங்கல் பாவி, சுண்ணாம்பு போட்ட தளம். இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. ஒரு கட்டையின் முனையில் சுவரோரம் மரத்தூள் உதிர்கிறது. தளத்தின் மேல் இரண்டு அங்குலம் சிமென்ட் கான்கிரீட் போட்டுவிட்டால் நிற்குமா, அல்லது இடித்துவிட்டுக் கான்கிரீட் ஒட்டுத் தளம் போடுவதா என்று அண்ணன் தம்பிக்குள் பேச்சு.
— விவசாயி, பாப்பாரப்பட்டி

பதில்: இரண்டும் வேண்டாம். முக்கியமாக முதல் யோசனை. இரண்டு அங்குலக் கான்கிரீட் என்பது சதுர அடிக்குப் பத்துக் கிலோவுக்கு மேல். முனை உளுத்த கட்டைகளின் தலையில் அதை வைக்கப் போகிறீர்களா? சுண்ணாம்புத் தளம் வெயிலில் கொஞ்சம் விரியும், பனியில் கொஞ்சம் சுருங்கும். உள்ளே போன ஈரத்தை வெளியே விடும். மேலே சிமென்ட் மூடி போட்டால் அது விறைப்பாக நின்று முதல் கோடையிலேயே வெடிக்கும். வெடிப்பில் இறங்குகிற தண்ணீர் வெளியேற வழியில்லாமல் கட்டையில் போய் உட்காரும். நன்றாக நின்ற மெத்தை வீடுகள் இப்படிப் பாழானதை நான் பார்த்திருக்கிறேன்.

கட்டைகளைப் பாருங்கள். உளுப்பு நடுவில் ஆரம்பிக்காது. சுவருக்குள் புதைந்திருக்கிற முனையில்தான் ஆரம்பிக்கும். காற்றுப் படாத இடம் அது. மூட்டை தைக்கிற கோணி ஊசியை எடுத்து ஒவ்வொரு கட்டையின் முனையிலும் சுவரோரமாகக் குத்துங்கள். நல்ல தேக்கில் ஊசி நுனிகூட இறங்காது. அரை அங்குலம் சுலபமாக இறங்கினால் அந்தக் கட்டை ஓய்வு கேட்கிறது. மரத்தூள் உலர்ந்து மாவுபோல் இருந்தால் வண்டு. மண்ணும் சேர்ந்திருந்தால் கரையான், அதற்குத் தரையிலிருந்து மருந்து வைக்க வேண்டும். மாற்ற வேண்டிய கட்டையை ஒவ்வொன்றாகத்தான் மாற்ற வேண்டும். இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்து, பழையதை எடுத்து, பழைய வீடு இடிக்கிற இடத்தில் கிடைக்கிற தேக்கையோ, தேக்குக்கு வசதி இல்லையென்றால் இரும்பு கர்டரையோ நுழைக்கலாம்.

மேலே, ஒழுகுகிற இரண்டு இடத்திலும் தட்டோட்டை எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு ஜல்லியைப் புதிதாகப் போடுங்கள். செங்கல் ஜல்லி, நீற்றிப் புளிக்க வைத்த சுண்ணாம்பு. அதைப் பரப்பிவிட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து மரக்கட்டையால் அடிக்க வேண்டும். என் அப்பா தளம் போட்ட காலத்தில் எட்டுப் பத்துப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பாட்டுப் பாடிக்கொண்டே அடிப்பார்கள். எனக்கு அப்போது கடுக்காய்த் தண்ணீர் தூக்குகிற வேலை. முதல் நாள் கட்டை சேற்றில் அடிப்பதுபோல் 'சொத் சொத்' என்னும். நாளாக ஆகச் சத்தம் இறுகும். ஓங்கிய கட்டை துள்ளி எழும்பி, கையில் அதிர்வு ஏறும்போது அப்பா போதும் என்பார். அதுவரை கூலி ஏறுகிறதே என்று வீட்டுக்காரர் முனகுவார். அந்த முனகலையும் நான் கேட்டிருக்கிறேன்.

இன்று அப்படி அடிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள் என்பதுதான் உங்கள் உண்மையான சிக்கல். உங்கள் பக்கத்திலேயே வயதான கைகள் இரண்டு மூன்று மிச்சம் இருக்கும். வாரச்சந்தையில் விசாரித்துப் பாருங்கள். இரண்டு இடம்தானே, நான்கு பேர் போதும். மாசி கடைசியில் ஆரம்பித்தால் சித்திரைக்குள் காய்ந்துவிடும். தளம் அடிக்கிற கட்டை கிடைக்காது, இப்போது யாரும் செய்வதில்லை. அப்பாவுடையது இரண்டு எங்கள் வீட்டுப் பரணில் கிடக்கின்றன, ஒன்றின் பிடி மட்டும் கொஞ்சம் ஆடுகிறது. ஆள் கிடைத்ததும் பத்திரிகைக்கு ஒரு கார்டு போடுங்கள், பஸ்ஸில் கொடுத்து அனுப்புகிறேன். வேலை முடிந்ததும் திருப்பி அனுப்பிவிட வேண்டும்.